ஒற்றை நாய்க்கு ஒரு கோழிப்பண்ணை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு சீட் தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடிப் பேசினால் ஐந்தாவது ஆளாக நின்று சிரிப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். பந்தியில் சாம்பார் என்னைத் தாண்டிப் போய்விட்டால் கூப்பிடக் கூச்சப்பட்டு ரசம் வரும்வரை காத்திருப்பேன். இப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் எங்கள் வீதி சூப்பர்வைசரைப் பற்றி வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அச்சில் வந்தால் நம்புவார்கள் என்று என் மனைவி சரசு சொன்னாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஐம்பதாயிரம் உயிர்களை ஒரே பார்வையில் பார்த்து நலம் சொல்லத் தெரிந்தும், ஒரே ஒரு உயிரை எப்படிப் பார்ப்பது என்று தெரியாத மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்க வேண்டும். வீதியில் யாருக்கும் அது தெரியாது. வாலிப வயதிலிருந்து மோகனூர் ரோட்டுப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பண்ணைதான் அவரை விட்டதே தவிர அவர் பண்ணையை விடவில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான். பேத்தியைப் பார்க்கப் போன அவர் வீட்டம்மா அங்கேயே தங்கிவிட்டார். பேத்தி மேல் உள்ள பாசம் என்று அவர் சொல்வார். இவரிடமிருந்து தப்பித்தது என்று சரசு சொல்வாள்.

மனிதர்களையும் அவர் ஷெட்டில் அடைத்த கோழிகளாகத்தான் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் பார்த்தால், "இந்த எடத்துல இத்தன உருப்படி அடைக்கக் கூடாதுங்க. ஒன்ன ஒன்னு கொத்திக்கும்" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கரூர் பஸ்ஸில் சீட்டுக்காக இரண்டு பேர் கொத்திக்கொண்டிருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் குழந்தை அழுதால் அண்ணாந்து மின்விசிறிகளைப் பார்த்துவிட்டு, "காத்தோட்டம் பத்தல" என்று முடிவு சொல்வார். எங்கள் வீதியில் ஒரு பெரியவர் காலமானபோது துக்கம் கேட்கப் போனார். அழுதுகொண்டிருந்த மகனின் தோளைத் தட்டி, "இத்தன பேரு இருக்கற வீதியில வருசத்துக்கு ஒன்னு ரெண்டு போறது நார்மல்தானுங்க. கடைசியா தீனி எடுத்தாரா?" என்று கேட்டார். அந்த மகன் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்டவர் கையில் எங்கள் லட்டு மாட்டிக்கொண்டது.

லட்டு எங்கள் நாய். மகள் காலேஜ் படிக்கும்போது ரோட்டோரத்தில் கிடந்ததைத் தூக்கி வந்து பெயர் வைத்தாள். பிறகு அவள் வேலைக்குக் கோயமுத்தூர் போய்விட்டாள், நாய் எங்களோடு தங்கிவிட்டது. தினமும் போன் செய்வாள். முதலில் லட்டுவை விசாரிப்பாள், அடுத்தது அம்மாவை, சார்ஜ் மிச்சம் இருந்தால் என்னை.

போன மழைக்காலத்தில் லட்டுவுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டது. ஈறெல்லாம் வெளுத்து, எழுந்து நிற்கக்கூட முடியாமல் போனது. டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி, டிரிப்ஸ் எல்லாம் போட்டுக் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "கண்டம் தாண்டியாச்சு. ஆனா ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இனிமே அது சாப்பிடறதுலதான் எல்லாம் இருக்கு. வேகவச்ச முட்டையும் சோறும் உப்பில்லாமப் பிசைஞ்சு கொடுங்க. சாப்பிட்டாத்தான் மாத்திரை. வெறும் வயித்துல கொடுத்தா வாந்தி எடுத்துரும். மாத்திரை நின்னா காய்ச்சல் திரும்பிரும்."

லட்டு சாப்பிடவில்லை. சரசு ஊட்டியதை நாக்கால் வெளியே தள்ளியது. நான் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே சூப்பர்வைசர் நின்றார்.

"ஏனுங் தம்பி, சீக்குன்னாங்களே. எத்தன உருப்படி?"

"ஒன்னுதானுங்கண்ணா. லட்டு."

"ஒன்னே ஒன்னா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். பண்ணையில் அப்படித்தானாம். ஷெட் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாமாம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"சத்தமே வல்லீங்க. பேர்டுக்கு ஒடம்பு செரியில்ல."

பேர்டு என்றால் பறவை. நாலு காலும் வாலும் உள்ள எங்கள் லட்டு அன்றிலிருந்து அவருக்குப் பேர்டு ஆனது. நாய் என்று திருத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் வராதே.

"நீங்க வெசனப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். நான் மண்டையை ஆட்டிவிட்டேன்.

நான் வேலை முடிந்து வந்தபோது கேட்டுக்கு உள்ளே அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் ஊதாநிறத் தண்ணீர் இருந்தது. பொட்டாசியம் பர்மாங்கனேட். பண்ணைக்குள் யார் போனாலும் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும், வெளிக்கிருமி உள்ளே வரக் கூடாது என்பது விதி. அந்த விதி இப்போது எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரே காவல் இருந்தார். பால்காரர் நனைத்தார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் நனைத்தார். அந்தத் தண்ணீர் காலில் பட்டால் காய்ந்ததும் காப்பி நிறத்தில் கறை பிடிக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. யார் யார் எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள் என்பதை வீதியில் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்த நேரம் பார்த்து ராசிபுரத்திலிருந்து என் சகலை வந்தார். மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் பத்திரிகைத் தட்டு.

"நில்லுங்க. செருப்பக் கழட்டீட்டு ரெண்டு காலையும் நனைங்க" என்றார் சூப்பர்வைசர்.

"நான் கண்ணாலத்துக்குச் சொல்ல வந்தனுங்க. சொந்தக்காரங்க."

"சொந்தக்காரங்களுக்கும் காலு இருக்குதில்லீங்க. இதுக்கு முந்தி எந்த ஊட்டுக்குப் போனீங்க?"

"சேந்தமங்கலத்துல எங்க மச்சான் ஊட்டுக்குங்க."

"அங்க கோழி ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. கொழம்புல."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "அப்ப கையையும் நனைங்க" என்றார்.

பாவம், சகலை மிச்சப் பத்திரிகைகளை எல்லாம் காப்பி நிறக் கையால்தான் கொடுத்தாராம். எந்த வீட்டிலும் மாப்பிள்ளை என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லையாம். கைக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டார்களாம்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் பெரிய கூத்து. சரசு ஒரு காலை அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"ஏனுங்க, இங்க வாங்க! சோறு எதுக்கு மஞ்சளா வெந்திருக்குது?"

போய்ப் பார்த்தேன். மஞ்சள் போட்டு வேகவைத்ததுபோல் இருந்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீரும் மஞ்சள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருந்தது. அதற்குள் ஒரு நீளக் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார் சூப்பர்வைசர்.

"என்னுங்கண்ணா பண்றீங்க?" என்று சரசு கீழே இருந்து கேட்டாள்.

"வைட்டமின் அம்முணி. பேர்டுக்குத் தெம்பு வரோணுமில்ல."

"அதுக்கு எதுக்குங்க தொட்டியில ஊத்தறீங்க? நாய்க்குக் கிண்ணத்துல ஊத்துனாப் பத்தாதா?"

"ஒன்னுக்கு மட்டும் மருந்து கொடுக்கற பழக்கமே எங்ககிட்டக் கெடையாது அம்முணி. ஒன்னுக்குச் சீக்குன்னா மொத்த ஷெட்டுக்கும் தண்ணியில கலந்து உடுவோம். ஆளுக்கு ஒரு கரண்டி ஊட்டீட்டு இருந்தா ஐம்பதாயிரத்துக்கு எப்ப ஊட்டி முடிக்கறது?"

"இங்க ஐம்பதாயிரம் எங்கீங்க இருக்குது? நாங்க ரெண்டு பேரு, அது ஒன்னு!"

அவர் குச்சியை நிறுத்தி யோசித்தார். அந்தக் கணக்கு அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. "ஆமாமில்ல" என்றார். பிறகு, "பரவால்லீங்க, நீங்களும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கறீங்க" என்று மீதிப் பாட்டிலையும் கவிழ்த்தார்.

கோழி வைட்டமினில் குளித்தோம், பல் தேய்த்தோம், துணி துவைத்தோம். என் வெள்ளைப் பனியன் மாரியம்மன் கோயிலுக்கு மாலை போட்டவன் பனியன் போல ஆகிவிட்டது. அடுத்த நாள் காலையில் பாத்ரூமில் நான் கண்ட மஞ்சளைப் பற்றி மரியாதையான பத்திரிகையில் எழுத முடியாது. மஞ்சள் காமாலை என்று பயந்து டாக்டரிடமே போயிருப்பேன். சரசு சத்தம் போட்டு, "எனக்குந்தான் அப்புடி. பேசாம இருங்க" என்று சொன்ன பிறகுதான் நிம்மதி. மொத்த வீட்டிலும் அந்தத் தண்ணீரைத் தொடாத ஒரே ஆள் லட்டுதான்.

சூப்பர்வைசர் அசரவில்லை. முட்டைக்கோழிக்கு இருட்டிய பிறகும் லைட் போட்டு வைப்பார்கள், வெளிச்சம் இருந்தால்தான் தீனி எடுக்கும் என்று சொல்லி, லட்டு படுத்திருந்த வராந்தாவில் சாக்குப் படுதா கட்டி, மேலே ஒரு பெரிய பல்பைத் தொங்கவிட்டார். லட்டு மெல்ல எழுந்து நிழல் பக்கம் போய்ப் படுத்தது. அவர் பல்பை அந்தப் பக்கம் நகர்த்தினார். லட்டு இந்தப் பக்கம் வந்தது. எழுந்து நிற்கவே தெம்பில்லாத நாயை இப்படி நடக்க வைத்தது அவருடைய வைத்தியத்தில் வெற்றி பெற்ற ஒரே பகுதி.

ரேடியோவும் வந்தது. ஷெட்டில் ஏதாவது பாடிக்கொண்டே இருந்தால் திடீர்ச் சத்தத்துக்குக் கோழி மிரளாதாம். லட்டு பிறந்ததிலிருந்து வீதியில் போகும் லாரி ஹாரனுக்கே மிரளாத நாய். விவசாயச் செய்தி அறிவிப்பாளரின் குரலைக் கேட்டு முதல்முறையாக நடுங்கியது.

இத்தனைக்கும் நடுவில் தினமும் முட்டை கொண்டு வருவார். ஒன்று இரண்டு என்று கொண்டுவரத் தெரியாது, ஒரு முழு அட்டைதான். "நாமக்கல்லுல பொறந்துட்டு முட்டைய வேண்டாங்குதே. வெளிய தெரிஞ்சா நம்மூருக்கே கேவலமுங்க" என்று வருத்தப்படுவார். அந்த முட்டைகளை நானும் சரசுவும் பட்டறை ஆட்களும் தின்று தீர்த்தோம். லட்டு நாளுக்கு நாள் இளைத்தது. சரசு சிரிஞ்சில் கஞ்சி எடுத்துக் கடைவாயில் விட்டதில் பாதி வெளியே வழிந்தது. மாத்திரை உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஒரு மாலையில் சூப்பர்வைசர் லட்டுவின் அருகில் நெடுநேரம் நின்றார். விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. பெருமூச்சு விட்டு, தன் போக்கில் சொன்னார்: "இதே ஷெட்டா இருந்தா இதை எப்பவோ கழிச்சிருப்பனுங்க."

கழிப்பது என்றால் பண்ணையில் என்ன அர்த்தம் என்று நாமக்கல்லில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தேறாத கோழியைத் தனியே எடுத்துக் கழுத்தைத் திருகிவிடுவார்கள்.

சரசு கையில் இருந்த கரண்டியோடு எழுந்தாள்.

"முதல்ல உங்களைக் கழிக்கறேன், இருங்க! வந்த நாள்ல இருந்து பாக்கறேன், பேர்டுங்கறீங்க, உருப்படிங்கறீங்க. அதுக்கொரு பேரு இருக்குதுங்க. ஒரு நாளாச்சும் பேரச் சொல்லிக் கூப்புட்டீங்களா? ஒரு தடவ தொட்டுப் பாத்தீங்களா? எடுங்க உங்க பல்ப, எடுங்க அந்த ரேடியோவ!"

அவர் சுவிட்சை அணைத்தார். பல்பைக் கழற்றினார். ரேடியோவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போதும் மறக்காமல் காலை நனைத்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. தட்டில் இருந்த ஊதாத் தண்ணீர் வெயிலில் சுண்டிப்போனது. வீடு அமைதியாக இருந்தது, அந்த அமைதி நன்றாக இல்லை. லட்டு தலையைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். "இன்னைக்காவது தானா ரெண்டு வாய் சாப்பிடணும். இல்லேன்னா நாளைக்குக் காலைல தூக்கிட்டு வாங்க. டிரிப்ஸ் போடலாம். ஆனா உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். சரசு துணிக்கல்லுக்குப் போய், ஏற்கெனவே துவைத்த துணியை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தாள். மகள் போன் செய்தபோது, "அது தூங்குது" என்று நான் பொய் சொன்னேன்.

அன்று பட்டறைக்குப் போகவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் வீதியைக் கடந்து சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனேன். நானாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"திங்க மாட்டீங்குதுங்கண்ணா" என்றேன்.

"தெரியும். மாடியில இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினார்.

வந்தவர் கண்ணை மூடிக் காது கொடுக்கவில்லை. லட்டுவின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சரசு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்முணி, இது ஒத்தையிலயா தின்னுட்டு இருந்துச்சு?"

"பின்ன? பந்தி வெச்சா போடுவாங்க?"

"அதான் தப்பு. ஒத்தக் கோழி தீனி எடுக்காது. பக்கத்துல ஒன்னு கொத்துனாத்தான் இதும் கொத்தும்."

வீதி நாய் ஒன்றைப் பிடித்து வரட்டுமா என்றேன். "வெளி உருப்படியை உள்ள உடவே கூடாது" என்று ஒரே போடாகப் போட்டார். அப்படியானால் யார் கொத்துவது? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.

"இன்னொரு தட்டு போடு அம்முணி. அதுக்கு வெக்கறதையே வெய்யி. வேற ஒன்னும் சேக்க வேண்டாம்."

இங்கே ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் முட்டை சாப்பிட மாட்டார். வாழ்நாளெல்லாம் அந்த வாடையிலேயே நின்றதில் முட்டை என்றாலே அவருக்குக் குமட்டும். அவர் வீட்டில் முட்டை உடைத்த சட்டிகூடத் தனி. கல்யாண வீடுகளில் பிரியாணியில் முட்டை இருந்தால் இலையையே மாற்றச் சொல்வார்.

அந்த மனிதர் உப்பில்லாத முட்டைச்சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. தொண்டை மேலே போய்க் கீழே இறங்கியது. லட்டு பார்க்கட்டும் என்று சத்தமாக மென்றார். இரண்டாவது உருண்டை, மூன்றாவது உருண்டை. நெற்றி முழுக்க வியர்வை.

"நல்லா இருக்குது சாமி" என்று லட்டுவிடம் பொய் சொன்னார். "லட்டு, இங்க பாரு. தின்னு சாமி. என்ற தங்கமில்ல."

லட்டு தலையைத் தூக்கியது. தன் முன்னால் இருந்த தட்டை மோந்து பார்த்தது. அதை விட்டுவிட்டு, உடம்பை இழுத்து நகர்ந்து வந்து, அவர் தட்டில் வாயை வைத்தது.

அவர் அசையவே இல்லை. கை தட்டிலேயே இருந்தது. லட்டு சோற்றைத் தின்று, அவருடைய விரலை நக்கி, மறுபடியும் தின்றது. சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றேன். லட்டு பாதித் தட்டைக் காலி செய்துவிட்டு அவர் தொடையில் மோவாயை வைத்துப் படுத்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

"உப்பே இல்லீங்க" என்றார்.

லட்டுவின் தலையை மெல்ல எடுத்துத் தரையில் வைத்தார். நிதானமாக எழுந்தார். பிறகு முருங்கைமரத்துப் பின்னால் ஓடிப்போய்த் தின்றது முழுவதையும் வாந்தி எடுத்தார். குழாயில் வாயைக் கொப்பளித்து, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து சரசுவிடம் கேட்டார்:

"அடுத்த நேரத்துத் தீனிக்கு எப்ப வரோணும் அம்முணி?"

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் வந்து உட்கார்ந்தார். லட்டு தன் தட்டிலேயே சாப்பிட்டது, மாத்திரையும் வயிற்றில் தங்கியது. சரசு அவர் தட்டில் மட்டும் முட்டைக்குப் பதிலாகப் பருப்பைக் கடைந்து, உப்புப் போட்டு, நெய்விட்டுப் பிசைந்து வைத்திருந்தாள். பார்ப்பதற்கு முட்டைச்சோறு போலவே இருந்தது.